அறுமீன் பிடிக்கும் காமிரா!

கார்த்திகைப் பெண்கள் அறுவர் வளர்த்த பிள்ளை முருகன் என்பதை அறியாத தமிழர் இல்லை. அந்த அறுவரும் இன்றும் வானத்தில்தான் இருக்கிறார்கள். 'அறுமீன்' என்று பழந்தமிழர் பெயரிட்டழைத்த கார்த்திகை நட்சத்திரக் கூட்டமே அது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து, திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறி வரும் லட்சக்கணக்கான பக்தர்களில், முருகனின் வளர்ப்புத் தாய்மாரை வானத்தில் கண்ணாரக் கண்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

குறை பக்தர்களுடையது அன்று. தெருவெல்லாம் வெளிச்சம் பெருகிவிட்ட இந்நாளில், அறுமீன் மங்கி மறைந்து வருகிறது. ஆனால் சாதாரணக் காமிரா ஒன்றை வானத்தோடு சேர்ந்து திரும்பும்படி செய்துவிட்டால், கண்ணுக்கு ஆறாகத் தெரிவது நூற்றுக்கணக்காக விரியும். உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் இதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர். பகலில் ஏதோ ஒரு வேலையைப் பார்த்துவிட்டு, இரவில் வானத்தைப் படம் பிடிப்பவர்கள்.

எப்போது பார்க்கலாம்?

ஆடிக் கிருத்திகை இரவில் அறுமீன் கீழ்வானில் உதிப்பது நள்ளிரவை ஒட்டித்தான். கிருத்திகை என்றாலே சந்திரன் அந்த நட்சத்திரத்தின் அண்டையில் இருக்கும் நாள் அல்லவா? ஆகவே நிலவொளி கண்ணையும் காமிராவையும் கூசச் செய்யும். கார்த்திகை மாதத்தில் இரவு முழுவதும் தெரியும் என்றாலும், வடகிழக்குப் பருவமழையின் மேகங்கள் குறுக்கே நிற்கும்.

மழை ஓய்ந்த மார்கழியும் தையும் மாசியுமே நம் பக்கத்துக்கு ஏற்ற காலம். இதில் ஒரு பொருத்தம் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் தேதி இரவு திருத்தணியில் படித் திருவிழா நடக்கிறது. படிக்குப் படி பாடிக்கொண்டே பக்தர்கள் மலையேறுகிறார்கள். அன்று இரவு 9-15 மணியளவில் அறுமீன் ஏறக்குறைய அவர்கள் தலைக்கு நேர் மேலே, உச்சிக்குச் சற்றே வடக்கில் நிற்கும். அண்ணாந்து பார்த்தால் போதும்!

கண்ணுக்கும் காமிராவுக்கும் உள்ள வித்தியாசம்

நம் கண், வரும் ஒளியை ஒரு விநாடியின் சிறு பகுதிக்கு மேல் சேர்த்து வைப்பதில்லை. காமிராவோ உண்டியலைப் போன்றது. திறந்து வைத்த நேரமெல்லாம், விழும் ஒளியைத் துளித் துளியாகச் சேர்த்துக்கொள்ளும்.

ஆனால் ஓர் இடையூறு உண்டு. பூமி நிற்பதில்லை. 23 மணி 56 நிமிஷம் 4 விநாடிக்கு ஒரு முறை அது தன்னைத் தானே சுற்றிக்கொள்கிறது. அதனால் வானம் மணிக்கு 15 பாகை வீதம் மேற்கே நகர்வதாகத் தோன்றுகிறது. 50 மில்லிமீட்டர் லென்ஸ் பூட்டிய காமிராவை முக்காலியில் வைத்து 10 விநாடிக்கு மேல் திறந்து வைத்தால், புள்ளியாக விழ வேண்டிய நட்சத்திரம் கோடாக இழுபடும். 200 மில்லிமீட்டர் லென்ஸானால் இரண்டரை விநாடிகூடத் தாங்காது.

இதற்குப் பரிகாரம் என்ன? பூமி கிழக்கே திரும்பும் அதே வேகத்தில் காமிராவை மேற்கே திருப்பிக்கொண்டே இருப்பதுதான். அந்த வேலையைச் செய்யும் பீடத்தை 'டிராக்கர்' என்கிறார்கள். இக்காலத்தில் ஒரு கையில் அடங்கும் சிறு டிராக்கர்கள் மின்மோட்டாருடன் கிடைக்கின்றன. இவற்றில் எடுக்கும் படத்தில் ஒரு விநோதம்: நட்சத்திரங்கள் அசையாமல் நிற்கும், கீழே கோயில் கோபுரம் இருந்தால் அதுதான் கலங்கிப் போகும்! சுழல்வது பூமியே என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டுமா?

துருவனைத் தேடி

டிராக்கரின் அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாக, அதாவது வானத்தின் வட துருவத்தை நோக்கி இருக்க வேண்டும். துருவ நட்சத்திரம் அந்த இடத்துக்கு ஒரு பாகைக்கும் குறைவான தூரத்தில் இருப்பதால், அதுவே வழிகாட்டி. ஐரோப்பியருக்கு அது வானில் வெகு உயரத்தில் தெரியும். நமக்கு அப்படியல்ல. எந்த ஊர் எத்தனை பாகை அட்சரேகையில் இருக்கிறதோ, அத்தனை பாகை உயரத்தில்தான் அங்கே துருவம் தெரியும். திருத்தணிக்கு அது சுமார் 13 பாகை. கையை முழுவதும் நீட்டி, வடக்கே நகரி மலைப் பக்கம் அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டியும் அதன் மேல் இரண்டு விரலும் வைத்தால், ஏறக்குறைய அங்கேதான் துருவன். அவ்வளவு தாழ்வில் புகையும் பனியும் மரக்கிளையும் மறைக்கும். தமிழ்நாட்டில் இந்தக் கலையைப் பழகுகிறவருக்கு முதல் சோதனையே இதுதான்.

இரண்டு பலகை, ஒரு கீல்

டிராக்கர் வாங்க வசதியில்லையே என்று கவலைப்பட வேண்டாம். 1975இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜார்ஜ் ஹெய்க் என்பவர் எளிய வழி ஒன்றைக் காட்டினார். இரண்டு பலகைகளை ஒரு கதவுக் கீலால் இணைக்க வேண்டும். கீலின் கோடு துருவத்தை நோக்க வேண்டும். வடக்கு பார்த்து நின்றால் கீல் நமக்கு இடப் பக்கம் இருக்கட்டும். கீலிலிருந்து 229 மில்லிமீட்டர் தள்ளி, ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறும் திருகாணியைக் கீழ்ப்பலகையில் பொருத்த வேண்டும். கடைகளில் கிடைக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டின் மரை சாதாரணமாக இந்த அளவுதான்.

கைக்கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டே, அது ஒரு சுற்றுச் சுற்றும்போது திருகாணியையும் ஒரு சுற்றுச் சுற்றினால், மேல்பலகை நிமிஷத்துக்குக் கால் பாகை வீதம் நிமிரும். வானம் நகர்வதும் அதே வேகம்தான்! மேல்பலகையில் காமிராவை வைத்து, இரண்டு மூன்று நிமிஷம் திறந்து வைக்கலாம். நம் ஊர்த் தச்சர் அரை நாளில் செய்து தரக்கூடிய கருவி இது.

இன்றைய டிஜிட்டல் காமிராவில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரே நீண்ட படத்துக்குப் பதில் பல சிறு படங்கள் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கலாம். 100 படங்களை அடுக்கினால், படத்தில் தெரியும் கரடுமுரடான புள்ளிகள் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

ஆறு, ஆயிரமான கதை

1610இல் கலீலியோ தம் தொலைநோக்கியை அறுமீன் பக்கம் திருப்பி, 36 நட்சத்திரங்களை வரைந்து காட்டினார். 1880 செப்டம்பர் 30 அன்று, அமெரிக்க டாக்டரான ஹென்றி டிரேப்பர் மிருகசீரிஷத்தை அடுத்துள்ள ஒளிமேகத்தை 51 நிமிஷம் திறந்து வைத்துப் படம் பிடித்தார். அவருக்கு வானம் தொழிலன்று, ஆசை. 1885இல் பாரிஸில் ஹென்றி சகோதரர்கள் அறுமீனைப் படம் பிடித்தபோது, அதில் ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி, அதுவரை எவர் கண்ணிலும் படாத மெல்லிய மேகம் பதிந்திருந்தது. இங்கிலாந்தில் கட்டட வேலையில் பொருள் ஈட்டிய ஐசக் ராபர்ட்ஸ், 1886இல் எடுத்த படத்தில் அந்த மேகம் கூட்டம் முழுவதும் பரவியிருப்பதைக் காட்டினார்.

அந்த நீல மேகம் வெறும் தூசுதான். நட்சத்திரங்கள் அதன் வழியே கடந்து செல்லும்போது, அவற்றின் ஒளியில் அது மிளிர்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் கொண்ட இக்கூட்டம் சுமார் 440 ஒளி ஆண்டு தூரத்தில் இருக்கிறது. இன்றிரவு காமிராவில் விழும் ஒளி, வடக்கே அக்பரும் மதுரையில் வீரப்ப நாயக்கரும் ஆண்டபோது அங்கிருந்து புறப்பட்டது.

நம்மவர் சாதனை

இத்துறையில் நம் நாட்டின் தலைமகன் வைணு பாப்பு. 1927இல் சென்னையில் பிறந்தவர். ஹைதராபாத்தில் மாணவராக இருந்தபோதே பொழுதுபோக்காக நட்சத்திரங்களை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1949இல் ஹார்வர்டில், வழக்கமாக எடுத்த போட்டோத் தட்டு ஒன்றில் புதிய வால் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். பாப்பு-பாக்-நியூகிர்க் என்று அதில் அவர் பெயர் முதலாவதாக நிற்கிறது. தாயகம் திரும்பிய அவர், இருண்ட வானத்தைத் தேடி ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கே 1968இல் 38 செண்டிமீட்டர் தொலைநோக்கியுடன் வேலை தொடங்கியது. அவர் கனவு கண்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் இயங்கத் தொடங்கியபோது அவர் இல்லை, 1982இல் காலமாகிவிட்டார். இன்று அந்த ஆய்வுக்கூடம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

இருட்டும் ஒரு செல்வம்

பாப்பு தேடிச் சென்ற அந்த இருட்டுத்தான் இன்று அருகி வருகிறது. பல நாட்டுப் பொதுமக்கள் 2011 முதல் 2022 வரை தாமே நட்சத்திரங்களைப் பார்த்து அனுப்பிய 51,000க்கும் அதிகமான குறிப்புகளை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். இவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டவை. வானத்தின் வெளிச்சம் சராசரியாக ஆண்டுக்கு 9.6 சதவீதம் கூடுகிறது என்று 2023இல் அறிவித்தார்கள். இந்தப்படி போனால், 250 நட்சத்திரம் தெரியும் ஊரில் இன்று பிறக்கும் குழந்தைக்கு, 18 வயதாகும்போது 100தான் தெரியும்.

லடாக்கில் ஹான்லே என்ற இடத்தை 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். அதுபோல எல்லா ஊரையும் இருட்டாக்க முடியாது, வேண்டியதும் இல்லை. தெரு விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டு, ஒளியைத் தரையில் மட்டும் விழச் செய்யலாம். யாருமில்லாத இடத்தில் விடிய விடிய எரியும் விளக்கை அணைக்கலாம். செலவு மிச்சம், வானமும் மிச்சம்.

காமிராவும் டிராக்கரும் கண்ணுக்கு எட்டாததைக் காட்டலாம். ஆனால் கண்ணுக்கு எட்ட வேண்டியதையே நாம் இழந்துவிடலாமா? தணிகை மலையேறும் சிறுவன் ஒருவன், "கார்த்திகைப் பெண்கள் எங்கே?" என்று கேட்டால், படத்தைக் காட்டாமல் வானத்தையே காட்டும் பேறு நமக்கு இருக்க வேண்டும்.