வோட்டும் நம்பிக்கையும்

ராஜாங்கத்தின் மீது நம்பிக்கை குன்றினால் ஜனங்கள் வோட்டுச் சாவடிக்கு வரமாட்டார்கள் என்று ராஜீய அறிஞர் சிலர் சொல்லி வருகிறார்கள். இது பாதி உண்மையே என்பது நமது அபிப்பிராயம். அவநம்பிக்கை கொண்டவன் வீட்டிலேயே இருந்துவிடலாம். சாவடிக்குப் போய்ப் பழைய கட்சிகளைத் தள்ளியும் விடலாம். இலங்கையில் இவ்விரண்டையும் கண்டோம்.

2019-ம் வருஷத்து ஜனாதிபதித் தேர்தலில் ஸ்ரீ அநுர குமார திஸாநாயக்கவுக்குக் கிடைத்த வோட்டுகள் நூற்றுக்கு 3 வீதந்தான். 2022-ல் பெட்ரோலுக்கும் சமையல் வாயுவுக்கும் ஜனங்கள் இரவும் பகலும் வரிசையில் நின்றார்கள். ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்ஷ தேசத்தைவிட்டு ஓடினார். மாறி மாறி ஆண்ட கட்சிகளிடம் எஞ்சியிருந்த நம்பிக்கையும் அவரோடு போயிற்று. ஆயினும் 2024 செப்டம்பரில் வோட்டர்களில் நூற்றுக்கு 79 பேர் சாவடிக்கு வந்தார்கள். திஸாநாயக்க 42 வீதம் பெற்றார். எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமையால் இரண்டாவது விருப்ப வோட்டுகளையும் எண்ண நேர்ந்தது. அத்தீவில் இது முதல் தடவை.

நவம்பரில் பார்லிமெண்டுத் தேர்தல் நடந்தது. அவருடைய கட்சிக்கு 225 ஸ்தானங்களில் 159 கிடைத்தன. தமிழ்க் கட்சிகளின் கோட்டை என்று கருதப்பட்ட யாழ்ப்பாண ஜில்லாவிலும் ஆறில் மூன்று அதற்கே! தங்களுக்குள் ஓயாமல் சச்சரவிட்ட தமிழ்த் தலைவர்களுக்கு இது தக்க பாடமே. ஆனால் அந்த ஜயகோஷத்தில் ஒரு விஷயம் அமுங்கிப் போயிற்று. இரண்டு மாதத்துக்குள் சாவடிக்கு வந்தவர் தொகை நூற்றுக்கு 79-லிருந்து 69-ஆக இறங்கிவிட்டது. ஜாபிதாவில் பெயருள்ள எல்லோரையும் வைத்துக் கணக்கிட்டால், ஆளும் கட்சிக்கு வோட்டளித்தவர்கள் நூற்றுக்கு 40 பேரே.

வராமலிருப்பதும் தேர்தலில் வேலை செய்யும். 2005-ல் புலிகள் பகிஷ்காரத்தை வற்புறுத்தியபோது யாழ்ப்பாண ஜில்லாவில் வோட்டளித்தவர் நூற்றுக்கு ஒருவர் அளவே. அது அவநம்பிக்கையா, அச்சமா என்று பிரித்துச் சொல்வது கடினம், இரண்டும் இருந்தன. மகிந்த ராஜபக்ஷ இரண்டு லக்ஷத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் ஜயித்தார். 2009-ல் வன்னியில் நடந்த கோரம் அவருடைய ஆட்சியில்தான் நிகழ்ந்தது.

கொழும்பு மந்திரிகள் 159 என்ற எண்ணைச் சாசுவதமான நம்பிக்கையாக எண்ணுவது தகாது. அது கடனாகக் கிடைத்தது. 2025 மே மாதத்து ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்களில் அக்கட்சியின் பங்கு 43 வீதமாயிற்று. வடக்கே தமிழரசுக் கட்சி மறுபடி தலைதூக்கியது. காணாமற்போன தம் மக்கள் எங்கே, ராணுவத்தின் வசமுள்ள நிலங்கள் எப்போது திரும்பும் என்று கேட்டவர்களே அங்கு வோட்டர்கள்.