பின்பாரமும் காற்று ஸ்பிரிங்கும்

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றிப் பழகியவர்க்கு முன்பாரம், பின்பாரம் என்னும் சொற்களை விளக்க வேண்டுவதில்லை. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழுந்து, கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். ஆகவே வண்டிக்காரர் சுமையை முன்னும் பின்னும் நகர்த்திச் சமன் செய்த பிறகே வண்டியை ஓட்டுவார். மோட்டார் வண்டியிலும் இந்த நியதி மாறவில்லை. ஆனால் அங்கே வருந்துவதற்கு மாடு இல்லை. ஆதலால் வண்டி படும் துன்பம் நம் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை.

நூற் சிப்பங்களையும் நெய்த சேலைகளையும் தக்காளிப் பெட்டிகளையும் குடும்பத்துக்கென வாங்கிய காரிலேயே ஏற்றிச் செல்லும் அங்கத்தினர்கள் நம்மிடையே உண்டு. பின்னிருக்கையை மடக்கிவிட்டால் கிடங்குபோல் இடம் கிடைக்கிறது. இடம் இருக்கும்வரை ஏற்றுவது மனித இயல்பு. வண்டியின் பின்புறம் தாழ்ந்து போவதைக் கண்டதும், காற்று ஸ்பிரிங் ஒரு ஜோடி பொருத்திக்கொண்டால் தீர்ந்தது என்று சிலர் கருதுகின்றனர். பட்டறைக்காரர்கள் ஏர் ஸ்பிரிங் என்றும் ஏர் பெல்லோ என்றும் கூறும் இச்சாதனம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை, பணத்தைச் செலவிடுமுன் அறிந்துகொள்வது நன்று.

பின்புறம் தாழ்வதால் விளையும் கேடுகள்

முதற் கேடு, இரவில் முன்விளக்கின் ஒளி மேல்நோக்கி எழுவது. சாலை நமக்குச் சரியாகத் தெரியாது. எதிரே வருபவருக்கோ கண் கூசும். இரண்டாவது, ஸ்பிரிங் அசைவதற்குரிய இடம் குறைந்துபோவது. சிறு பள்ளத்திலும் அச்சு மேலெழுந்து ரப்பர்க் கட்டையில் மோதும். அந்த அடி வண்டியின் உடலுக்கும் உள்ளிருக்கும் சரக்குக்கும் போய்ச் சேரும். மூன்றாவது, முன் சக்கரங்கள் தரையைப் பற்றும் வலிமை குன்றுவது. பிரேக்கின் பெரும்பகுதி வேலையைச் செய்பவையும், வண்டியைத் திருப்புபவையும் முன் சக்கரங்களே என்பதை நினைத்தால் இதன் அபாயம் விளங்கும்.

மூன்றாவதை ஒரு கணக்கால் காணலாம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 250 செ.மீ. தூரமுள்ள காரில், பின் அச்சுக்கு 75 செ.மீ. பின்னால் 100 கிலோ சரக்கை வைப்பதாகக் கொள்வோம். நெம்புகோல் விதிப்படி பின் அச்சின்மீது ஏறும் பாரம் 100 கிலோ அன்று, 130 கிலோ ஆகும். அதே சமயம் முன் அச்சின்மீதுள்ள பாரத்தில் 30 கிலோ குறைந்துவிடும். மாட்டு வண்டியில் நுகத்தடி மேலெழுவது போன்றதே இதுவும்.

காற்று எவ்வாறு சுமக்கிறது

காற்றைக் கொண்டு பாரத்தைத் தாங்குவது புதிதன்று. 1845இல் இராபர்ட் வில்லியம் தாம்சன் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1888இல் டன்லப் அதனை மீண்டும் கண்டு நடைமுறைக்குக் கொணர்ந்தார். டயருக்குள் செய்யும் வேலையையே அச்சுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே செய்யுமாறு வைத்தால் அதுவே காற்று ஸ்பிரிங். சென்னை பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் 2018இல் உருவான வந்தே பாரத் ரயிலின் பெட்டிகளும் காற்று ஸ்பிரிங்குகளின் மீதே அமர்ந்து செல்கின்றன.

சுருள் ஸ்பிரிங் ஒவ்வொரு 25 கிலோவுக்கும் 1 செ.மீ. அமுங்குவதாக வைத்துக்கொள்வோம். 25 கிலோப் பெட்டிகள் எட்டினைப் பின் அச்சுக்கு நேராக ஏற்றினால், பக்கத்துக்கு 100 கிலோ வீதம், இரு ஸ்பிரிங்குகளும் 4 செ.மீ. தாழும். இப்போது ஒவ்வொரு சுருளுக்குள்ளும் 10 செ.மீ. விட்டமுள்ள காற்றுப்பை ஒன்றை வைக்கிறோம். அதன் பரப்பு ஏறக்குறைய 78 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 1 கிலோ வீதம், அதாவது சதுர அங்குலத்துக்குச் சுமார் 14 பவுண்டு, காற்றடைத்தால் அப்பை 78 கிலோவைத் தாங்கும். எஞ்சும் 22 கிலோ மட்டுமே சுருளைச் சேரும். தாழ்வு 1 செ.மீ.க்கும் குறைவாகிவிடும். 18 பவுண்டு வரை அடைத்தால் வண்டி பழைய உயரத்துக்கே வந்து நிற்கும். டயரில் அடைப்பதைவிடக் குறைந்த அழுத்தமே இவ்வளவையும் செய்கிறது.

மற்றொரு நன்மையும் உண்டு. அடைபட்ட காற்றின் அளவைப் பாதியாகச் சுருக்கினால் அதன் முழு அழுத்தம் இரட்டிக்கும் என்பது 1662இல் இராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. ஆகவே அமுங்க அமுங்கக் காற்று ஸ்பிரிங் மேலும் கடினமாகிறது. பள்ளத்தில் இறங்கும்போது அச்சு மோதாமல் தடுக்க இக்குணம் பெரிதும் உதவுகிறது.

1957இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் எல்டொராடோ புரோஹம் என்னும் காரில் உலோக ஸ்பிரிங்கை அறவே நீக்கிக் காற்று ஸ்பிரிங் ஒன்றையே நம்பியது. கசிவும் பழுதும் மிகுந்தமையால் உரிமையாளர் பலர் அதைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங்கையே மாட்டிக்கொண்டனர். நாம் இங்கே பேசுவது துணை ஸ்பிரிங். உலோக ஸ்பிரிங் தன் இடத்திலேயே இருக்கும். காற்று அதற்குத் தோள் கொடுக்கும். கசிந்தாலும் வண்டி பழைய நிலைக்குத் தாழுமேயன்றி அடியோடு அமர்ந்துவிடாது.

இருவகைச் சாதனங்கள்

சுருள் ஸ்பிரிங் உள்ள கார்களுக்குச் சுருளின் உள்ளே நுழைக்கும் உருளைப் பை உண்டு. சுருளும் ஷாக் அப்ஸார்பரும் தனித்தனியே நிற்கும் வண்டிகளுக்கே அது பொருந்தும். சுருளுக்குள்ளேயே ஷாக் அப்ஸார்பர் செல்லும் அமைப்பில் பைக்கு இடமில்லை. சிறு சரக்கு வண்டிகளிலும் பழைய அம்பாஸிடரிலும் காணப்படுவது போன்ற பட்டை ஸ்பிரிங்குகளுக்கு, அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே நிற்கும் மடிப்புப் பையே ஏற்றது. எதுவாயினும் தம் வண்டியின் மாதிரிக்கென்றே செய்யப்பட்டதை வாங்க வேண்டும்.

காற்று ஸ்பிரிங் செய்யாதவை

நிமிர்ந்து நிற்கும் வண்டி முழு வலிமையோடு நிற்பதாகத் தோன்றும். இத்தோற்றமே பெரிய ஆபத்து. மேற்சொன்ன கணக்கில் முன் அச்சு இழந்த 30 கிலோவைக் காற்று ஸ்பிரிங் திருப்பித் தராது. விளக்கு நேராகும், ஆனால் முன் சக்கரத்தின் பிடிப்பு குறைந்தது குறைந்ததே. அதற்கு மருந்து ஒன்றுதான்: கனமான பொருளைப் பின் அச்சுக்கு முன்னால், இருக்கையை ஒட்டித் தாழ்வாக வைத்து, நகராதபடி கட்டுதல்.

மேலும், அச்சு, சக்கரத் தாங்கிகள், பிரேக், டயர் ஆகிய எதனுடைய வலிமையையும் காற்று ஸ்பிரிங் கூட்டுவதில்லை. டயரின் பக்கச் சுவரில் அளவை அடுத்து ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 82 என்றிருந்தால் அந்த டயர் 475 கிலோவையும், 88 என்றிருந்தால் 560 கிலோவையும் தாங்கும் என்று பொருள். அதற்கு மேற்பட்ட பாரத்தில் ஓடும் டயர் உள்ளே சூடேறிச் சிதையும். முன்னெல்லாம் தாழ்ந்துபோய் நம்மை எச்சரித்த வண்டி, காற்று அடைத்த பின் எச்சரிக்காது. அதை நம்பி இன்னும் நான்கு பெட்டி ஏற்றுபவர், தம்மையும் எதிரே வருபவரையும் பணயம் வைக்கின்றார்.

பொருத்துவோர் கவனத்துக்கு

ஒவ்வொரு பைக்கும் தனிக் குழாயும் தனி வால்வும் வைத்தல் நலம். இரண்டையும் ஒரே குழாயில் இணைத்தால், வளைவில் திரும்பும்போது அமுங்கும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி, வண்டியின் சாய்வை மிகுவிக்கும். குழாய் புகைபோக்கிக்கு அருகே செல்லலாகாது. கூரிய விளிம்பில் உரசலாகாது. சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போது பையில் காற்றடைக்கக் கூடாது. அடைத்த பின் சோப்பு நீர் தடவிக் கசிவைச் சோதிக்க வேண்டும்.

வால்வு டயர் வால்வைப் போன்றதே. கொள்ளளவு சிறிதாகையால் கைப்பம்பே போதும். சுமை இறங்கியதும், செய்தவர் குறித்துள்ள குறைந்தபட்ச அழுத்தத்துக்குக் காற்றைக் குறைத்துவிட வேண்டும். இல்லையேல் வெறும் வண்டி துள்ளும். அக்குறைந்த அளவுக்கும் கீழே விட்டால் பை மடிந்து தேயும். சில வண்டிகளில், பின்புறம் எவ்வளவு தாழ்கிறது என்பதை அறிந்து பின் பிரேக்கின் வலுவைக் கூட்டும் வால்வு ஒன்று உண்டு. காற்றடைத்து உயர்த்தினால் அவ்வால்வு சுமை இல்லையென்று கருதிப் பின் பிரேக்கைத் தளர்த்திவிடும். அத்தகைய வண்டியில், நன்கறிந்த மெக்கானிக்கின் யோசனையின்றி இதைப் பொருத்தவே கூடாது.

சட்டமும் நம் கடமையும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113ஆம் பிரிவு, அனுமதித்த மொத்த எடைக்கு மேல் ஏற்றி ஓட்டுவதைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 194ஆம் பிரிவு விதிக்கும் அபராதம் ரூ. 20,000, அதிகமான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ. 2,000. அதிகச் சுமையை இறக்கினாலன்றி வண்டி நகரவும் விடமாட்டார்கள். பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 52ஆம் பிரிவு தடை செய்வதால், பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிதல் முறை.

வெறும் எடை 950 கிலோவும், கைநூலில் கண்ட மொத்த எடை 1,400 கிலோவும் உள்ள காரில் ஏற்றத்தக்கது 450 கிலோ. இருவர் அமர்ந்தால் 130 கிலோ போக, சரக்குக்கு எஞ்சுவது 320 கிலோவே. பின் அச்சுக்குத் தனி வரம்பும் உண்டு. ஆகவே அங்கத்தினர்கள் ஒரு முறையேனும் தம் வழக்கமான சுமையுடன் எடை மேடைக்குச் சென்று, முழு வண்டியையும், பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தியும் எடை பார்த்துக்கொள்வார்களாக. எடை வரம்புக்குள் இருந்து, பின்புறம் மட்டும் தாழ்கிறதெனில் காற்று ஸ்பிரிங் நல்ல துணை, வாங்கலாம். வரம்பை மீறுகிறதெனில் அதற்கு ஆகும் பணத்தை வீணாக்க வேண்டாம். நான்கு உறுப்பினர் கூடி ஒரு சரக்கு வண்டியை வாடகைக்கு அமர்த்திச் செலவைப் பங்கிட்டுக்கொள்வதே சிக்கனம். தனியொருவர் தாங்க முடியாத பாரத்தைப் பலர் கூடித் தாங்குவதற்காகத்தானே நம் சங்கங்கள் தோன்றின!