துணைநொதி – 11: காசக் கிருமி கொட்டும் வைட்டமின்

நொதி வேலை செய்யத் துணைநொதி வேண்டும்; பி வைட்டமின்களிலிருந்துதான் பல துணைநொதிகள் வருகின்றன. கடும் தொற்றில் அதன் கையிருப்பு கரைகிறது. இந்தத் தொடரில் இதுவரை சொன்ன கதை இவ்வளவுதான். தொற்று முற்றி உறுப்புகளைத் தாக்கும் செப்சிஸில் வைட்டமின் பி1 குறைந்தால் ரத்தத்தில் லாக்டேட் ஏன் ஏறுகிறது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். நடுவில் காசநோய் வந்து உட்கார்ந்துகொண்டது.

வேளச்சேரி விஜயநகர் பக்கம் ஒரு மருந்துக் கடை. எனக்கு முன்னால் நின்ற பையன் சீட்டை நீட்டி, "ஐ.என்.எச். மட்டும் குடுங்கண்ணே, அந்த சத்து மாத்திரை வேணாம்" என்றான். கடைக்காரர் விடவில்லை. "அதை விட்டுட்டு அப்புறம் கால் எரியுது, மதமதங்குதுன்னு வந்து நிப்பே தம்பி. ரெண்டையும் சேர்த்துத்தான் போடணும்."

சத்து மாத்திரை என்றது பி6, அதாவது பைரிடாக்சின். கடைக்காரரின் கண்டிப்புக்குப் பின்னால் சென்னையின் சேத்துப்பட்டு இருக்கிறது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து அங்கே ஒரு காசநோய் மையம் தொடங்கின. சானடோரியத்தில் படுக்க வைத்தாலும் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 1959-இல் உலகத்துக்குச் சொன்ன இடம் அது. (சானடோரியம் என்றால் நமக்குத் தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன். 1928-இல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோய் மருத்துவமனை தொடங்கியதால் வந்த பெயர் என்பது ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!)

பையன் கேட்ட ஐ.என்.எச்., அதாவது ஐசோநியாசிட், காசக் கிருமியைக் கொல்கிறது. கூடவே நம் உடம்பிலிருக்கும் பி6-ஐயும் பிடித்து ஒட்டிக்கொண்டு சிறுநீரில் வெளியேறுகிறது. பி6 போனால் நரம்பு எரிகிறது, ரத்தத்தின் ஹீம் தயாரிப்பு தடுமாறுகிறது, மிஞ்சிப்போனால் வலிப்பு. எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. இந்த மருந்தை உடம்பு மெதுவாகச் செயலிழக்கச் செய்கிறவர்களுக்குத்தான் நரம்புக் கோளாறு அதிகம் என்று தேவதத்தா, கங்காதரம் குழுவினர் 1960-இல் எழுதினார்கள். தினமும் வெறும் 6 மில்லிகிராம் பி6 சேர்த்தாலே தடுக்கலாம் என்று 1963-இல் அதே மையம் காட்டியது. எவ்வளவு சின்ன அளவு, பாருங்கள்!

பி6 தீர்ந்தால் இன்னொன்றும் நடக்கும். டிரிப்டோஃபேனிலிருந்து உடம்பு செய்துகொள்ளும் பி3, அதாவது நியாசின், குறைகிறது. இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்டு விடாதது இந்த பி3-தான்.

பி3-இலிருந்து வருவது என்.ஏ.டி. ஷேர் ஆட்டோ மாதிரி எலக்ட்ரான்களை ஏற்றிக்கொண்டு போய் மைட்டோகாண்ட்ரியாவில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். அந்த ஓட்டம் நின்றால் செல்லுக்கு ஆற்றல் இல்லை. காசக் கிருமிக்குள்ளும் இதே என்.ஏ.டி. உண்டு; அதைக் கிருமி உடைத்துக்கொண்டே இருக்கிறது. மிஞ்சும் நியாசினை வெளியே கொட்டுகிறது. ஆய்வகத்தில் முட்டை கலந்த பச்சை ஊடகத்தில் வாரக்கணக்கில் வளர்த்த சொரசொரப்பான மங்கல் மஞ்சள் திட்டுகளின்மேல் கொஞ்சம் நீர் விட்டு எடுத்து, அதில் அனிலீனும் சயனோஜன் புரோமைடும் சேர்த்தால் நீர் பளிச்சென்று மஞ்சளாகிறது. ஜப்பானின் கொன்னோ 1956-இல் வெளியிட்ட சோதனை இது. மனிதக் காசக் கிருமி என்றால் மஞ்சள். மாட்டுக் காசக் கிருமி என்றால் நிறமில்லை. தான் கொட்டிய வைட்டமினாலேயே கிருமி மாட்டிக்கொள்கிறது!

இன்னும் வேடிக்கை, ஐசோநியாசிட்டின் பூர்வீகமும் பி3-தான். பி3-இன் இன்னொரு வடிவமான நிகோடினமைடு காசநோய்க்கு எதிராக வேலை செய்வதை 1945-இல் பாரிஸில் ஷோரின் கண்டார். அந்த வழியில் தேடிப் போனவர்கள் 1952-இல் ஐசோநியாசிட்டில் வந்து நின்றார்கள். பிராகில் மேயரும் மாலியும் 1912-லேயே செய்துவிட்ட பொருள் அது. நாற்பது வருஷம் யாரும் அதைக் காசநோய்க்குக் கொடுத்துப் பார்க்கவில்லை. கிருமிக்குள் போனதும் அது என்.ஏ.டி.யோடு ஒட்டிக்கொண்டுதான் கொல்கிறது.

கிருமி மட்டும் சும்மா இருக்குமா? தன்னை விழுங்கிய மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்லுக்குள் ஒரு நஞ்சை விடுகிறது. டி.என்.டி. என்று பெயர், வெடிமருந்துப் பெயரேதான். அலபாமாவில் நீடர்வைஸ் குழு வைத்தது. அந்த நஞ்சு மேக்ரோஃபேஜின் என்.ஏ.டி.யை உடைத்துத் தீர்த்துவிடுவதை 2015-இல் அவர்கள் விளக்கினார்கள். ஆற்றல் அற்று செல் வெடித்துச் சாக, கிருமி வெளியே பரவுகிறது. தன் நஞ்சு தன்னையே கொல்லாமலிருக்க மாற்று மருந்தையும் கிருமி கையோடு வைத்திருக்கிறது.

என்.ஏ.டி.யைத் திரும்ப நிரப்பினால் செல் பிழைக்கிறது என்றும் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். உடனே பி3 மாத்திரை வாங்க ஓடாதீர்கள். அது தட்டில் வளர்த்த செல்லில் பார்த்தது. இதே ஆசை ஐ.சி.யூ.விலும் ஒருமுறை கிளம்பியது. 2017-இல் அமெரிக்காவின் பால் மாரிக், செப்சிஸ் நோயாளிகளுக்கு வைட்டமின் சி, பி1, ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்துக் கொடுத்து மரணம் வெகுவாகக் குறைந்தது என்றார். பின்னால் வந்த பெரிய சோதனைகளில் அந்தப் பலன் தெரியவில்லை. பி1-ஐ அங்கிருந்துதான் பிடிக்க வேண்டும். லாக்டேட்டும் அதோடு, அடுத்த வாரம்.