வேலையை விடும் முன் நஷ்டக் கணக்கைப் போட்டீங்களா?

போன மாசம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு நண்பர் மெயில் அனுப்பியிருந்தார். வயது 34. பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். மோட்டார் காயில் எரிவதற்கு முன்னாடியே விவசாயியின் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும் ஒரு சின்னக் கருவியை யோசித்து வைத்திருக்கிறார். முதலாளியிடம் சொன்னால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறாராம். "சார், வேலையை விட்டுட்டு நானே ஆரம்பிச்சிடவா? மனைவி நகையைத் தர்றேன்னு சொல்லிட்டாங்க" என்று கேட்டிருந்தார்.

அந்த நகை விஷயம்தான் என்னை உட்கார்ந்து கணக்குப் போட வைத்தது. அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன்.

எந்தப் புது ஐடியாவும் முதல் நாளே லாபம் தராது. அது சரியாக உட்காரும் வரை வரும் நஷ்டத்தை யார் பணத்தில் தாங்குவது? நான் முதலில் கேட்பது இதைத்தான்.

நம்ம ஊர் உதாரணமே பாருங்க. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984ல் ஆரம்பித்தது டைட்டன். ஓசூரில் வாட்ச் செய்து நன்றாகப் போய்க்கொண்டிருந்த கம்பெனி, தொண்ணூறுகளின் நடுவில் நகைக்குள் இறங்கியது. அதுதான் தனிஷ்க். ஆரம்பத்தில் 18 காரட் நகைகளை வைத்தார்கள். 22 காரட் கேட்டுப் பழகிய நம்ம வீட்டுப் பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சில வருஷம் நஷ்டம். பிறகு 22 காரட்டுக்கு மாறி, கடையிலேயே காரட்மீட்டர் வைத்து, "உங்க பழைய நகை உண்மையில் எத்தனை காரட்னு நீங்களே பாருங்க" என்று காட்டினார்கள். அதற்கப்புறம்தான் சூடு பிடித்தது. இன்றைக்கு டைட்டன் வருமானத்தில் பெரும்பங்கு நகையிலிருந்துதான் வருகிறது. அந்த நஷ்ட வருஷங்களை வாட்ச் வியாபாரம் தாங்கியது. தனி ஆளாக ஒருத்தர் அதே தப்பைச் செய்திருந்தால் முதல் வருஷமே கடைக்குப் பூட்டுதான்.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் உண்டு. கடலூரைச் சேர்ந்த சி.கே.ரங்கநாதன், குடும்பத்தின் ஷாம்பு தொழிலில் சகோதரர்களோடு கருத்து ஒத்துப்போகாமல், 1983ல் 15,000 ரூபாயோடு வெளியே வந்து சிக் ஷாம்பு ஆரம்பித்தார். அதுதான் பின்னாளில் கவின்கேர். ஆனால் ஒன்றைக் கவனியுங்க. அவர் எடுத்துக்கொண்ட பொருள் சாஷே. சின்ன முதலீட்டில் செய்து, விற்று, மறுபடி செய்யலாம். தப்பு பண்ணினாலும் சின்னத் தப்பு. தொழிலும் அவர் வீட்டிலேயே பார்த்து வளர்ந்த தொழில்.

சரி, நம்ம கோவை நண்பருக்கு வருவோம். வீட்டுக் கடன் இ.எம்.ஐ. 31,000, வீட்டுச் செலவு 34,000. மாசம் 65,000. கருவி சந்தையில் நிற்க இரண்டு வருஷம் என்று வைத்தால் 15.6 லட்சம். கம்பெனி கொடுத்த குரூப் இன்ஷூரன்ஸ் வேலையோடு போய்விடும், சொந்த பாலிசிக்கு இரண்டு வருஷத்துக்கு 56,000. அச்சு, சர்க்யூட் போர்டு, டெஸ்டிங் எல்லாம் அவரே போட்ட கணக்குப்படி 7 லட்சம்.

அவர் மறந்தே போனது டீலர் கடன். மாசம் 100 கருவி, ஒன்று 2,500 என்று விற்றால் 2.5 லட்சம். டீலர் மூணு மாசம் கழித்துத்தான் பணம் தருவார் என்றால் 7.5 லட்சம் எப்போதும் வெளியே மாட்டிக்கொண்டிருக்கும். லாபம் காட்டுகிற வியாபாரம் கையில் காசில்லாமல் படுப்பது இங்கேதான். என் கிளையண்ட்கள்கிட்டேயே நிறைய பார்த்திருக்கேன்.

மொத்தம் 30.66 லட்சம். அவர் சேமிப்பு 9 லட்சம். மீதி 21 லட்சத்துக்கு மேல் நகையும் கடனும்தான்.

இன்னொன்று, அவர் சேர்ந்து 4 வருஷம் 2 மாசம்தான் ஆகிறது. கிராஜுவிட்டிக்குப் பொதுவாக 5 வருஷம் வேணும். அவர் பேசிக் 52,000. அதில் 26ல் 15 பங்கு 30,000, அஞ்சு வருஷத்துக்கு 1.5 லட்சம். இப்போ ராஜினாமா கொடுத்தால் அது போச்சு. (4 வருஷம் 240 நாள் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு கம்பெனியோடு மல்லுக்கட்டுவதற்கு நாலு மாசம் பொறுத்துக்கலாம்.)

பணத்தைவிடப் பெரிய சிக்கல், போனில் பேசும்போதுதான் வெளியே வந்தது. முதல் மாதிரிக் கருவியை அவர் கம்பெனி லேபில், கம்பெனி லேப்டாப்பில்தான் செய்திருக்கிறார். வேலையின் பகுதியாக எழுதிய மென்பொருளுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பதிப்புரிமை முதலாளிக்குத்தான். 1957ஆம் வருஷ பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. "விலகினால் இரண்டு வருஷம் இதே தொழில் செய்யக் கூடாது" என்ற ஷரத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை; ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி விலகிய பிறகு அது பொதுவாகச் செல்லாது. ஆனால் கம்பெனி ரகசியம், டிராயிங், கோட் இதையெல்லாம் எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆஃபர் லெட்டரை ஒரு வக்கீலிடம் காட்டாமல் ஒரு அடி எடுத்து வைக்காதீங்க என்றேன்.

உள்ளேயே இருந்து செய்வதிலும் ஒரு குறை இருக்கு. மூளை உங்களுது, சொத்து அவங்களுது. அதனால் பங்கை முன்கூட்டியே எழுத்தில் கேட்கணும். பெரிய கம்பெனி என்றால் பங்குகளாகத் தருவார்கள், அதுதான் ஈசாப். பொதுவாக அதை வாங்கும் நாளிலேயே சந்தை மதிப்புக்கும் நீங்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகக் கணக்காகி வரி வரும். பட்டியலிடாத கம்பெனி என்றால் விற்க வழியில்லாமல் வரி மட்டும் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். நம்ம நண்பருடையது குடும்பக் கம்பெனி, பங்கெல்லாம் நடக்காது. விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் இவ்வளவு இன்சென்டிவ் என்று கேட்கச் சொன்னேன். அதற்கும் சம்பளம் மாதிரி வரி உண்டு, ஆனால் கையில் பணம் வந்த பிறகு.

போன வாரம் பதில் வந்தது. முதலாளி கம்பெனிச் செலவில் 40 கருவி செய்து பார்க்க ஒத்துக்கொண்டாராம். இன்சென்டிவ் பேச்சுக்கு மட்டும் இன்னும் பிடி கொடுக்கவில்லை. நகை பீரோவிலேயே இருக்கு. கிராஜுவிட்டிக்கு இன்னும் ஒன்பது மாசம்.