பட்டை மணக்கும் சென்ட்: எதைத் தேர்வது, எப்படி?

இலவங்க மரத்தின் பட்டையை ஒடித்து முகர்ந்தால் நமக்குத் தெரிந்த பட்டை வாசம். அதே மரத்தின் இலையைக் கசக்கினால் கிராம்பு மணக்கும். வேரின் தோலைக் கீறினால் கற்பூரம். பட்டையில் மிகுந்திருப்பது சின்னமால்டிஹைடு என்ற வேதிப்பொருள். இலையில் மிகுந்திருப்பது யூஜினால், கிராம்பில் இருக்கும் அதே பொருள். வேரில் கற்பூரமே இருக்கிறது. ஆகவே சென்ட் பெட்டியின் மேல் ‘சின்னமன்’ என்று எழுதியிருந்தால், எந்தப் பாகத்து மணம் என்ற கேள்வி உடனே எழ வேண்டும். வாசனைத் தொழிலில் பட்டை எண்ணெய் ஒரு சரக்கு, இலை எண்ணெய் வேறொரு சரக்கு. பட்டை எண்ணெயின் விலை பல மடங்கு அதிகம்.

விலை அதிகமாக இருப்பதில் நியாயம் உண்டு. இலங்கையின் தென்கோடியில், காலி, மாத்தறைப் பக்கம், கறுவா என்று அங்கே சொல்லும் இந்தப் பட்டையை உரிப்பது தலைமுறை தலைமுறையாக வரும் கைத்தொழில். இளங்கிளைகளை வெட்டி, மேல்தோலைச் சுரண்டி, உட்பட்டையைப் பித்தளைக் கம்பியால் அழுத்தித் தேய்த்து இளக்கி, கிழியாமல் உரித்தெடுக்கிறார்கள். காகிதம்போல் மெலிந்த அந்தப் பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, 1 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்துக்குக் குழலாக்கி, வெயில் படாமல் உலர்த்துகிறார்கள். விரல் பருமன்கூட இல்லாத மிக மெல்லிய குழலுக்கு ‘அல்பா’ என்று தரப்பெயர். உரிக்கும்போது உதிரும் துண்டுகளும் சிம்புகளும்தான் எண்ணெய் வடிக்கப் போகின்றன. 1 கிலோ எண்ணெய் இறங்க 100 கிலோவுக்கு மேல் பட்டை வேண்டும். 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் ‘சிலோன் சின்னமன்’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு தந்தது. அந்தக் கைவேலைக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை அது என்றே நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் பிரியாணிக்கு நாம் போடுவது பெரும்பாலும் இந்தக் கறுவா அல்ல. தடித்து, முரடாக, ஒரே அடுக்காக இருக்கும் பட்டை கேசியா என்ற உறவுக்கார மரத்துடையது. சீனா, வியட்நாம், இந்தோனேசியாவில் விளையும் இனங்கள் இவை. கேசியா எண்ணெயில் ஏறக்குறைய முழுவதும் சின்னமால்டிஹைடுதான். அதனால் அதன் மணம் நேராக, காரமாக வந்து முகத்தில் அறையும். இலங்கைப் பட்டையின் எண்ணெயில் சின்னமால்டிஹைடு பாதிக்கு மேல் இருந்தாலும் யூஜினாலும், பூ வாசம் தரும் லினலூலும், இன்னும் பல சிறு பொருள்களும் கூடவே இருக்கின்றன. அதனால்தான் அதில் இனிப்பும் மென்மையும் தெரிகின்றன. சென்ட் கடைக்குப் போகும் முன் மளிகைக் கடைக்குப் போவது நல்லது. சாதாரணப் பட்டை கொஞ்சம், சுருள்பட்டை எனப்படும் இலங்கைக் கறுவா கொஞ்சம் வாங்கி, இரண்டையும் ஒடித்து அடுத்தடுத்து முகர்ந்து பாருங்கள். உங்கள் மனம் எதன் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிட்டால், கடைக்காரர் நீட்டும் பத்துப் பாட்டிலில் பாதியை அங்கேயே ஒதுக்கிவிடலாம்.

பட்டை மணத்தைக் ‘கதகதப்பானது’ என்று உலகெங்கும் சொல்கிறார்கள். இது வெறும் அலங்காரப் பேச்சல்ல. மூக்கில் மணத்தை அறியும் நரம்பு ஒன்று. முகத்திலும் நாசியிலும் எரிச்சல், குளிர், சுள்ளென்ற உணர்வு ஆகியவற்றை மூளைக்குக் கொண்டுபோகும் முப்பெரு நரம்பு இன்னொன்று. இந்த இரண்டாவது நரம்பின் முனைகளில் டிஆர்பிஏ1 என்ற புரதக் கதவு இருக்கிறது. கடுகின் காரம் திறப்பது அந்தக் கதவைத்தான். சின்னமால்டிஹைடும் அதையே திறக்கிறது என்று 2004-ல் ஆர்டெம் பட்டபூட்டியனின் ஆய்வுக் குழு காட்டியது. வெப்பத்தையும் தொடுதலையும் உடல் அறியும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 2021-ல் டேவிட் ஜூலியஸோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். ஆக, பட்டையை நாம் முகர மட்டும் செய்வதில்லை, மெல்லிய சுரீரென்ற உணர்வாகவும் அறிகிறோம். அளவு கூடினால் அதே உணர்வு தலைவலியாகவும் மாறும்.

அந்தச் சுரீரைக் கதகதப்பாக மாற்றுவது சின்னமால்டிஹைடு அல்ல, அதோடு சேர்க்கும் துணைப் பொருள்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். பட்டையின் வேலை சாம்பாரில் பெருங்காயத்தின் வேலை மாதிரி. தனியாக முகர்ந்தால் முகம் சுளிப்போம், சேர வேண்டியதோடு சேர்ந்தால் மொத்தமும் மணக்கும். வெனிலா சேர்ந்தால் பட்டை இனிப்புப் பண்டமாகிறது. புகையிலை சேர்ந்தால் உலர்ந்து, கம்பீரமாகிறது. சந்தனமோ தேவதாருவோ சேர்ந்தால் காரம் அடங்கி நீண்டு நிற்கிறது. ஆரஞ்சு சேர்ந்தால் பளிச்சென்று தொடங்கி விரைவில் மறைகிறது.

எல்லாவற்றிலும் எனக்கு மிகப் பொருத்தமாகப் படுவது சாம்பிராணிதான். வெள்ளிக்கிழமை தலைகுளித்துக் கூந்தலுக்குப் புகை போடும் அந்தச் சாம்பிராணி, சென்ட் தொழிலில் பென்சாயின் என்ற பெயரில் புழங்கும் பிசின். சுமத்திராவிலிருந்து வரும் வகையில் சின்னமிக் அமிலமும் அதன் வழிப்பொருள்களும் நிறைய உண்டு. சின்னமால்டிஹைடு காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் உண்டாவதும் அதே அமிலம்தான். வேதியியல் முறையில் இரண்டும் நெருங்கிய சொந்தம். ‘ஆம்பர்’ என்று கடைகளில் சொல்லும் மணக் கலவையில் இந்தப் பிசினும், லாப்டனம் என்ற இன்னொரு பிசினும், வெனிலாவும் சேர்ந்திருக்கும். பட்டையோடு ஆம்பர் என்று எழுதியிருந்தால், நம் மூக்குக்குப் பழகிய சுவடு அதில் இருக்க வாய்ப்பு அதிகம்.

உலகின் புகழ்பெற்ற பாட்டில்களைப் பார்த்தால் இந்தக் கூட்டணிகள் தெளிவாகும். நம் ஊரில் முகம் மழித்தபின் தடவிய ஓல்டு ஸ்பைஸ், அமெரிக்காவில் 1938-ல் ஆண்களுக்கென்று வந்தது. அதன் மசாலாச் சாயலில் பட்டையும் கிராம்பும் உண்டு. 1968-ல் பாரிஸின் டிப்டிக் நிறுவனம் வெளியிட்ட முதல் வாசனைத் திரவியமான ‘லோ’, பட்டை, கிராம்பு, ரோஜா என்று உலர்மலர்க் கிண்ணத்தின் மணம் கொண்டது. 1977-ல் ஈவ் சான் லோரான் வெளியிட்ட ‘ஓப்பியம்’ மசாலாவையும் பிசின்களையும் அடர்த்தியாகக் குழைத்தது. அதன் கலவை பின்னாளில் மாற்றப்பட்டது. மொரீஸ் ரூசெல் 2000-ல் ஃபிரெடெரிக் மால் நிறுவனத்துக்குச் செய்த ‘மஸ்க் ரவாஜர்’ பட்டையை வெனிலாவிலும் கஸ்தூரி மணத்திலும் தோய்த்தது. 2012-ல் ஒலிவியே போல்ஜ் செய்த ‘ஸ்பைஸ்பாம்’ புகையிலையும் வெட்டிவேரும் சேர்ந்த உலர்ந்த வகை. 2020-ல் கிலியன் வெளியிட்ட ‘ஏஞ்சல்ஸ் ஷேர்’ பிராந்தி, ஓக் மரம், டோங்கா விதை என்று முழுக்க இனிப்புப் பக்கம். இவற்றில் பல விலை அதிகமானவை. வாங்கச் சொல்வதற்காக அல்ல, திசை தெரிவதற்காகச் சொல்கிறேன். குறைந்த விலைச் சென்ட்டிலும் இதே மூன்று நான்கு திசைகள்தான் இருக்கின்றன.

கடையில் செய்ய வேண்டியது பொறுமையாக இருப்பது. சென்ட்டில் பெரும்பகுதி ஆல்கஹால், அதன் கொதிநிலை 78 டிகிரி. எலுமிச்சை, ஆரஞ்சு மணத்தின் முக்கியப் பொருளான லிமோனீனுக்கு 176. சின்னமால்டிஹைடுக்கு 248. வெனிலினுக்கு 285. ஆவியாகும் வேகம் கொதிநிலையை மட்டும் சார்ந்ததல்ல என்றாலும், வரிசை ஏறத்தாழ இதுதான். முதலில் ஆல்கஹால் பறக்கும், பிறகு பழ வாசம் போகும், அதன்பின்தான் பட்டை தன் முழு உருவில் தெரியும், கடைசியில் வெனிலாவும் பிசினும் தங்கும். தெளித்த அரை நிமிடத்தில் ‘பிரமாதம்’ என்று பணம் கட்டுகிறவர் ஆரஞ்சுத் தோலுக்குத்தான் பணம் கட்டுகிறார். காகிதக் கீற்றில் தெளித்துப் பிடித்திருந்தால் மணிக்கட்டில் ஒரு முறை தெளித்துக்கொண்டு கடையைவிட்டு வெளியே வாருங்கள். அரை மணி நேரம் கழித்து ஒருமுறை, மாலையில் ஒருமுறை முகருங்கள். ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும். அப்போது காபிக்கொட்டையை நீட்டுவார்கள். வெறும் காற்றைவிட அது உதவுவதாகச் சோதனையில் தெரியவில்லை. வாசலில் நின்று நான்கு மூச்சு இழுத்தாலே போதும்.

ஐரோப்பாவில் விற்கும் சென்ட் பெட்டிகளில் உட்பொருள் பட்டியலைப் படிக்கப் பழகுங்கள். தோலில் தங்கும் பொருளில் 0.001 சதவீதத்துக்கு மேல் இருந்தால், ஒவ்வாமை உண்டாக்கக்கூடிய சில மணப்பொருள்களைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்பது அங்கே சட்டம். சின்னமால்டிஹைடு அந்தப் பட்டியலில் ‘சின்னமால்’ என்ற பெயரில் வரும். ‘யூஜினால்’ இருந்து சின்னமால் இல்லை என்றால், நீங்கள் முகர்வது பெரும்பாலும் கிராம்புச் சாயலில் கட்டிய பட்டை. அதில் குற்றமில்லை. இஃப்ரா என்ற பன்னாட்டு வாசனைப் பொருள் அமைப்பு சின்னமால்டிஹைடைச் சேர்க்கும் அளவுக்குக் கடுமையான வரம்பு வைத்திருப்பதால், வாசனைக் கலைஞர்கள் துளியளவு பட்டையைச் சுற்றி வேறு பொருள்களால் மணத்தை எழுப்ப வேண்டியிருக்கிறது. அதில்தான் அவர்கள் திறமை தெரிகிறது.

நம் வெயிலையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். இந்த வகைச் சென்ட்களில் பல குளிர்நாட்டுப் பனிக்காலத்தை மனத்தில் வைத்துச் செய்தவை. சித்திரை மாதத்துச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உடல் சூட்டில் எல்லாம் ஒரே மூச்சாகக் கிளம்பும். பட்டையும் வெனிலாவும் மிகுந்த சென்ட் அப்போது நெரிசலான பேருந்தில் பக்கத்தில் இருப்பவருக்குத் தொல்லையாகிவிடும். பகலில் அலுவலகத்துக்கு என்றால் வெட்டிவேர், சந்தனம், தேவதாரு சேர்ந்த உலர்ந்த வகை, அதுவும் நறுமண எண்ணெய் குறைவான ‘ஓ டி டாய்லெட்’. மாலைக் கல்யாண வரவேற்புக்கோ மார்கழிக் கச்சேரிக்கோ என்றால் ஆம்பர் சேர்ந்த ‘ஓ டி பர்ஃபம்’, ஒரே ஒரு தெளிப்பு. இனிப்புப் பண்டம்போல் மணக்கும் வகையை நம் கோடைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பட்டு, வெள்ளை வேட்டி மேல் நேராகத் தெளிக்க வேண்டாம். வெனிலின் உள்ள திரவம் நாளாக நாளாகப் பழுப்பேறும், துணியில் கறை விழும்.

சின்னமால்டிஹைடு தோலில் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், அதே பொருள் மறுபடி படும்போதெல்லாம் தோல் கிளர்ந்தெழும். பற்பசையிலும் சூயிங்கத்திலும்கூட அது இருக்கலாம். புதிய சென்ட்டை முதலில் முழங்கையின் உள்மடிப்பில் சிறிது தடவி, இரண்டு நாள் கவனியுங்கள். சிவந்தாலோ அரித்தாலோ எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள். சுத்தமான பட்டை எண்ணெயை வாங்கி நேரடியாகத் தோலில் தடவுவதையும், வீட்டிலேயே கலந்து சென்ட் செய்து பார்ப்பதையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அந்த எண்ணெய் ஒரு துளியே தோலைப் புண்ணாக்கும்.