29 வயதில் 70 வயதுக் கிழவர் வேஷம்... 92 வரை விடவே இல்லை!

மார்க் ட்வைனாக மார்க் ட்வைனைவிட அதிக வயசு வரை இருந்தவர் யார் தெரியுமா?

அமெரிக்க நடிகர் ஹால் ஹோல்ப்ரூக்! 1954இல் அந்த எழுத்தாளரின் வேஷம் கட்டித் தனி ஆளாக மேடை ஏறியபோது அவருக்கு வயசு 29. பாத்திரத்துக்கோ 70! நரைத்த தலை, புதர் மீசை, முகமெல்லாம் சுருக்கம்... மேக்கப்புக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்! வெள்ளை கோட்டும் கையில் சுருட்டுமாக வந்து நிற்பார். தினமும் அதே வசனம் என்று நினைத்தீர்களா? கிடையாது! ட்வைன் எழுதியதில் மணிக்கணக்கான சரக்கு மனப்பாடம். அன்றைக்கு எது எடுபடுமோ அதை எடுத்து விடுவார். 2,000 காட்சிகளுக்கு மேல் போட்டு, 2017இல் நிறுத்தியபோது வயசு 92. நிஜ ட்வைன் இறந்ததே 74 வயசில்தான்!

இப்படி ஒரே வேஷத்தை விடாத இன்னொரு நடிகர் யூல் பிரின்னர். சயாம் ராஜாவாக அவர் எத்தனை முறை மேடையேறினார், சொல்லுங்கள் பார்ப்போம்? 4,625! ‘தி கிங் அண்ட் ஐ’ நாடகத்தில் 1951இல் சூடிய கிரீடம். கடைசிக் காட்சி 1985 ஜூனில், நுரையீரல் புற்றுநோயோடு! அக்டோபரில் இறந்தார். அதற்குப் பிறகும் டிவியில் தோன்றி, சிகரெட் பிடிக்காதீர்கள் என்றார். முன்கூட்டியே பதிவான பேட்டியிலிருந்து எடுத்த விளம்பரம். பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

நடிகை லில்லியன் கிஷ்ஷின் முதல் படம் 1912. கடைசிப் படம்? 1987! இடையில் 75 வருஷம். 1920இல் வந்த ‘வே டவுன் ஈஸ்ட்’ படத்துக்காக நிஜ ஆற்றில், நிஜப் பனிக்கட்டி மேல் படுத்தார். கையையும் கூந்தலையும் உறைபனித் தண்ணீரில் தொங்கவிட்டார். யோசனை யாருடையது? அவருடையதேதான்! விரல்களில் அந்தப் பாதிப்பு கடைசி வரை போகவில்லை.

ஹிட்ச்காக்கின் ‘சபோட்டர்’ படத்தில் சுதந்திரதேவி சிலையிலிருந்து விழுந்து சாகும் வில்லன் நினைவிருக்கிறதா? நடித்தவர் நார்மன் லாயிட். நிஜத்தில் வாழ்ந்தது 106 வயசு!

டார்த் வேடரின் இடிக்குரலுக்குச் சொந்தக்காரர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். சின்ன வயசில் திக்குவாய்! பல வருஷம் பேசுவதையே விட்டிருந்த பையன். 1977இல் வந்த முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்குச் சம்பளம் வெறும் 7,000 டாலர். டைட்டிலில் பெயர்கூட இல்லை. வேண்டாம் என்றது அவரேதான்!

நான்கு ஆஸ்கர் வென்ற காத்தரின் ஹெப்பர்ன், ஒன்றைக்கூட நேரில் போய் வாங்கவில்லை! அந்த அலட்சியத்துக்கே ஐந்தாவதாக ஒன்று கொடுத்திருக்கலாம்.

நடிகை ஜூன் ஸ்க்விப் பிராட்வேக்கு வந்தது 1959இல். சினிமாவில் தலைகாட்டியது 60 தொட்ட பிறகு. முதல்முறை கதாநாயகி? ‘தெல்மா’, 2024. வயசு 94! மோசடிக்காரன் பிடுங்கிய பணத்தை மீட்கக் கிளம்பும் பாட்டி. அதில் வரும் ஸ்கூட்டரைப் பெரும்பாலும் அவரேதான் ஓட்டினார். ஓடிடியில் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்!