ப்ளஸ் டூவில் பயாலஜி இல்லை... ஆன்லைனில் படித்து கால்நடை மருத்துவர் ஆக முடியுமா?

ஜனவரி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தில் கால்நடை மருத்துவர்களுக்கு ஓய்வே கிடையாது. கந்தர்வகோட்டை பக்கம் தச்சங்குறிச்சியில்தான் வழக்கமாக ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு. அங்கே தொடங்கி மாதக்கணக்கில் ஊர் ஊராக வாடிவாசல் திறந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு காளையையும் கால்நடை மருத்துவர் பார்த்து 'சரி' சொன்ன பிறகுதான் உள்ளே அனுப்புவார்கள். 2019 ஜனவரியில் விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டன. அத்தனைக்கும் பரிசோதனை என்றால் எவ்வளவு வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பரிசோதனை வரிசையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களில் எத்தனையோ பேருக்கு ஒரு நிமிஷமாவது தோன்றியிருக்கும், 'நாமளே டாக்டருக்குப் படிச்சிருக்கலாமோ' என்று. வீட்டில் மாடு, ஆடு, கோழி எல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் ப்ளஸ் டூவில் எடுத்தது கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். அல்லது காமர்ஸ். இப்போது கையில் பி.இ. அல்லது பி.காம். பட்டம், சென்னையிலோ கோவையிலோ ஒரு வேலை.

இவர்கள் கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பது 'ப்ரீ-ரெக்விசிட் சயின்ஸ் கோர்ஸ்களை ஆன்லைனில் முடித்து வெட்னரி ஸ்கூலில் சேருங்கள்' என்கிற வகை வீடியோக்களும் விளம்பரங்களும். பார்த்ததும் நம்பிக்கை வரும். ஆனால் அது பெரும்பாலும் அமெரிக்காவின் கதை. ஒரத்தநாட்டுக்கோ நாமக்கல்லுக்கோ அப்படியே பொருந்தாது. பணம் கட்டும் முன்னாடி இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவில் எப்படி நடக்கிறது?

அங்கே கால்நடை மருத்துவம் பள்ளி முடித்ததும் சேரும் படிப்பு இல்லை. பொதுவாகக் கல்லூரியில் ஒரு பட்டம் முடித்துவிட்டு, அதற்கு மேல் நான்கு வருஷம் படித்து வாங்குவது டி.வி.எம். பட்டம். உள்ளே போக ஒவ்வொரு கல்லூரியும் ஒரு பட்டியல் வைத்திருக்கும்: உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், உயிர்வேதியியல், இயற்பியல், புள்ளியியல் என்று போகும். இந்தப் பாடங்களைக் கல்லூரி அளவில் முடித்து கிரெடிட் வாங்கியிருக்க வேண்டும். உங்கள் பட்டம் வரலாறாகவும் இருக்கலாம், வணிகமாகவும் இருக்கலாம். பட்டியலில் உள்ள பாடங்கள் முடிந்திருந்தால் விண்ணப்பிக்கலாம்.

அதனால்தான் அங்கே வேலைக்குப் போய்க்கொண்டே, சாயங்காலத்தில் ஆன்லைனில் ஒவ்வொரு பாடமாக முடிப்பவர்கள் இருக்கிறார்கள். கம்யூனிட்டி காலேஜ் என்கிற குறைந்த கட்டணக் கல்லூரிகளே இதற்குப் பாடம் நடத்துகின்றன. கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு வி.எம்.சி.ஏ.எஸ். என்ற பொது விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பிக்கலாம்.

அங்கேயும் எல்லாம் சுலபம் என்று நினைக்க வேண்டாம். ஆன்லைன் பாடத்தை ஏற்பதா, ஆய்வகப் பகுதியையும் ஆன்லைனில் முடித்தால் செல்லுமா, எத்தனை வருஷத்துக்கு முன் படித்ததை ஏற்பது என்பதெல்லாம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். வெளிநாட்டு மாணவர் என்றால் கட்டணம் வேறு ரகம். ஏற்கெனவே அங்கே வேலையில் இருக்கிற நம்ம ஊர்க்காரர்களுக்கு இது யோசிக்கக்கூடிய வழி. அறந்தாங்கியில் உட்கார்ந்துகொண்டு யோசிப்பவருக்கு, என் கணிப்பில், முதல் வழியாக இருக்க முடியாது.

நம்ம ஊர்க் கதவு 15 வயதிலேயே மூடுகிறது

தமிழ்நாட்டில் இந்தப் படிப்பை நடத்துவது 'டானுவாஸ்' என்று எல்லோரும் சொல்லும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். 1989-ல் தொடங்கியது. சென்னை வேப்பேரியில் உள்ள மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி அதைவிட ரொம்பப் பழசு, 1903-லிருந்து இருக்கிறது. அதன்பின் நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, கடைசியாக 2020-ல் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி. புதுக்கோட்டையில் 2017-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, 2023-ல் பல் மருத்துவக் கல்லூரியும் வந்தது. கால்நடை மருத்துவக் கல்லூரி இல்லை. இத்தனை ஜல்லிக்கட்டு நடக்கும் மாவட்டத்தில் அது இல்லையே என்பது வேற பஞ்சாயத்து. நமக்குப் பக்கம் என்றால் தஞ்சாவூர் மாவட்டத்து ஒரத்தநாடுதான்.

பி.வி.எஸ்சி. அண்ட் ஏ.ஹெச். என்பது ஐந்தரை வருஷப் படிப்பு. அதில் ஒரு வருஷம் பயிற்சி மருத்துவராக வேலை. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, தனி நுழைவுத் தேர்வும் கிடையாது. ப்ளஸ் டூ மார்க்தான் எல்லாம். உயிரியலுக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். உயிரியலுக்குப் பதிலாகத் தாவரவியலும் விலங்கியலும் படித்திருந்தால் அந்த இரண்டின் மார்க்கை வைத்துக் கணக்கிடுவார்கள்.

இப்போது புரிந்திருக்கும். கட்-ஆஃபில் பாதி உயிரியலில் இருந்து வருகிறது. அந்தக் கட்டத்தில் போட உங்களிடம் மார்க்கே இல்லையென்றால், மற்ற பாடங்களில் சென்டம் வாங்கியிருந்தாலும் விண்ணப்பம் நகராது. இதற்கான முடிவை நீங்கள் எடுத்தது ப்ளஸ் ஒன் சேர்ந்த அன்று, 15 வயதில். அந்த முடிவையும் பல நேரம் நீங்கள் எடுத்திருக்க மாட்டீர்கள். கிராமத்து மேல்நிலைப் பள்ளிகள் எல்லாவற்றிலும் எல்லா குரூப்பும் இருப்பதில்லை. 'கம்ப்யூட்டர் எடுத்தா வேலை கிடைக்கும்' என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை வைத்தே எத்தனையோ வீட்டில் குரூப் முடிவாகியிருக்கிறது.

பி.இ. முடித்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. கேட்பது பட்டத்தை இல்லை, ப்ளஸ் டூ உயிரியலை.

அப்போ ஆன்லைனில் பயாலஜி படித்தால்?

படிக்கலாம். தாராளமாக. பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் பாட வீடியோக்கள் இருக்கின்றன, கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது, மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் ப்ளஸ் டூ அளவிலான பாடங்களும் உண்டு. யூடியூப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செல் பிரிவில் இருந்து மரபியல் வரை ஒரு ரூபாய் செலவில்லாமல் கற்றுக்கொள்ள முடியும்.

ஆனால் 'கற்றுக்கொண்டேன்' என்பதற்கும் 'தேர்ச்சி பெற்றேன்' என்பதற்கும் நடுவில் ஒரு காகிதம் இருக்கிறது: அங்கீகாரம் பெற்ற ஒரு கல்வி வாரியம் கொடுக்கும் மதிப்பெண் பட்டியல். ஸ்வயம் சான்றிதழோ, தனியார் ஆப் கொடுக்கும் 'கோர்ஸ் கம்ப்ளீஷன்' சான்றிதழோ அந்தக் காகிதம் ஆகாது. எவ்வளவு அழகாக லேமினேட் செய்தாலும் ஆகாது.

அந்தக் காகிதத்தை வேலைக்குப் போய்க்கொண்டே வாங்க ஒரு வழி உண்டு: என்.ஐ.ஓ.எஸ்., அதாவது தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். மத்திய அரசின் கீழ் இயங்குவது. இதில் ப்ளஸ் டூ அளவில் இயற்பியல் 312, வேதியியல் 313, உயிரியல் 314 என்று ஒவ்வொரு பாடத்துக்கும் எண் இருக்கும். ஏற்கெனவே ப்ளஸ் டூ முடித்தவர்கள் முழுதாகச் சேராமல் தேவையான பாடங்களுக்கு மட்டும் சேரலாம். அப்போது அந்தப் பாடங்களுக்கான மதிப்பெண் பட்டியல் மட்டும் தருவார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே மற்றும் அக்டோபர்-நவம்பரில் பொதுத் தேர்வு. வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளும் உண்டு. அறிவியல் பாடம் என்பதால் செய்முறைத் தேர்வும் உண்டு, அதற்கு நேரில்தான் போக வேண்டும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் படித்தவருக்குக் குறைவது உயிரியல் ஒன்றுதான். காமர்ஸ்காரருக்கு மூன்றும். இரண்டு பேரையும் ஒரே விளம்பரம் 'ஆறே மாசத்தில் முடிக்கலாம்' என்று கூப்பிட்டால், அதை ஸ்க்ரோல் பண்ணிவிட்டுப் போய்விடுங்கள்.

காகிதம் வாங்கியாச்சு... செல்லுமா?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. ப்ளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாகப் படித்துத் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்றது அது. அடுத்த சில மாதங்களில் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களுக்கும் வழி தெளிவானது. அதற்கு முன்னால் இவர்களுக்கு அந்த வாசல் மூடித்தான் இருந்தது. 'பயாலஜி இல்லாதவங்களும் டாக்டர் ஆகலாம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

ஆனால் அந்த ஆணையத்தின் கீழ் வருவது எம்.பி.பி.எஸ். கால்நடை மருத்துவத்துக்கு விதி போடுவது வேறு அமைப்பு, இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில். 1984-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிகளில் 15 சதவீத இடங்களை அகில இந்திய ஒதுக்கீடாக இந்த கவுன்சில் நீட் மதிப்பெண் அடிப்படையில் நிரப்புகிறது. ஆக, நீட் எழுத அனுமதி கிடைப்பது ஒரு படி. இந்த 15 சதவீத இடங்களில் உங்கள் கூடுதல் பாடத்தை ஏற்பார்களா என்பது தனிப் படி. அதை அந்தந்த ஆண்டு கவுன்சில் வெளியிடும் தகவல் குறிப்பேட்டில் தகுதிப் பகுதியைப் படித்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். நீட்டில் 720-க்கு 360 மார்க் உயிரியலுக்கு என்பதையும் மறக்க வேண்டாம். ஒப்புக்குத் தேறிய உயிரியல் அங்கே உதவாது.

மாநில ஒதுக்கீட்டுக்கு டானுவாஸ் தகவல் குறிப்பேடு. அதில் தகுதித் தேர்வு பற்றிய பத்தியை வரி விடாமல் படியுங்கள். இரண்டு வாரியங்களின் மதிப்பெண் பட்டியலைச் சேர்த்துக் காட்டலாமா, பாடங்களை ஒரே முறையில் தேறியிருக்க வேண்டுமா, வயது விவரம் என்ன என்பதையெல்லாம் அதில் பார்க்க வேண்டும். கோச்சிங் சென்டர் அண்ணன் சொல்வது இதற்கு மாற்று ஆகாது.

அரசுப் பள்ளியில் படித்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2021-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டப்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் உண்டு. நம்ம மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய கை. ஆனால் அடிப்படை நிபந்தனை, ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. பாஸான ப்ளஸ் டூவை ஓரமாக வைத்துவிட்டு மொத்தத்தையும் திறந்தநிலைப் பள்ளியில் புதிதாக எழுதினால், அந்தச் சலுகை உங்களுக்குத் தொடருமா? பதில் கையில் இல்லாமல் அதில் இறங்காதீர்கள். கூடுதலாக ஒரு பாடம் எழுதுவதும் மொத்தமாகத் திரும்ப எழுதுவதும் ஒன்று கிடையாது.

இதைப் படிப்பவர் வீட்டில் பத்தாம் வகுப்பு பிள்ளை இருந்தால்

மேலே சொன்ன சுற்று வழி எதுவும் அவருக்குத் தேவையில்லை. பயோ-மேக்ஸ் குரூப் எடுத்தால் பொறியியல், மருத்துவம், கால்நடை என்று எல்லா பக்கமும் திறந்திருக்கும். பாரம் அதிகம்தான், மறுக்கவில்லை. கணக்கு வேண்டவே வேண்டாம் என்றால் தாவரவியல், விலங்கியல் உள்ள குரூப். உள்ளூர்ப் பள்ளியில் அந்த குரூப் இல்லையென்றால் பக்கத்து ஊர்ப் பள்ளியில் இருக்கிறதா என்று ப்ளஸ் ஒன் சேர்க்கைக்கு முன்பே விசாரியுங்கள். ஏற்கெனவே ப்ளஸ் ஒன் சேர்ந்து சில நாள்தான் ஆகிறது என்றால் இன்றைக்கே தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். பஸ் கட்டணமும் இரண்டு வருஷ அலைச்சலும் 26 வயதில் திரும்பப் பரீட்சை எழுதுவதோடு ஒப்பிட்டால் ஒண்ணுமே இல்லை.

26 வயதில் இருப்பவர்களுக்கு: வேலையை விட வேண்டாம், இப்போதைக்கு. முதலில் இரண்டு மின்னஞ்சல். ஒன்று டானுவாஸ் சேர்க்கைப் பிரிவுக்கு, இன்னொன்று கால்நடை மருத்துவ கவுன்சிலுக்கு. நீங்கள் எந்த ஆண்டு, எந்த வாரியத்தில், எந்தப் பாடங்களோடு ப்ளஸ் டூ முடித்தீர்கள் என்று எழுதி, 'என்.ஐ.ஓ.எஸ்.-ல் உயிரியலைக் கூடுதல் பாடமாகத் தேறினால் விண்ணப்பிக்கத் தகுதி உண்டா' என்று நேராகக் கேளுங்கள். போனில் கேட்டு 'உண்டுன்னுதான் நினைக்கிறேன்' என்ற பதிலோடு வைத்துவிடாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

பதில் வரும் வரைக்கும் மணற்கேணியில் ப்ளஸ் ஒன் விலங்கியல் முதல் பாடத்தைத் திறந்து பாருங்கள். கூடவே ஒரு நாள் ஊர் கால்நடை மருந்தகத்தில் காலையில் போய் நின்று பாருங்கள். கன்று வெளியே வராமல் தவிக்கும் பசுவுக்குத் தோள்பட்டை வரை கையை விட்டு வேலை பார்ப்பதும், கடித்துவிடும் நாய்க்கு ஊசி போடுவதும் எந்த வீடியோவிலும் அந்த வாசனையோடு வராது.